முன் சீட்டில் இன்னொருத்தி

பிறந்த வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தம்பி பிறந்ததிலிருந்து அவள் பெரியவள், அவன் சின்னவன். கல்யாணமான பிறகு புருஷனும் அதையே பிடித்துக்கொண்டான். "ஏய் பெரியவளே" என்று அவன் கூப்பிட்டால் அதில் கேலி பாதி, செல்லம் பாதி இருக்கும்.

புருஷனுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலை. பெரியவளுக்குப் பல் செய்யும் வேலை. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து அவள் மெழுகில் பல்லைச் செதுக்கி, பீங்கான் குழம்பை மயிரிழைத் தூரிகையால் பூசி, சின்ன அடுப்பில் சுட்டு எடுப்பாள். பக்கத்துப் பல்லின் நிறத்தோடு அது ஒட்டிப்போக வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி. ஆனால் அந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. கை மும்முரமாக இருக்கும், மனசுக்கு வேலை இருக்காது. சும்மா கிடக்கிற மனசு எதையாவது பிடித்து மென்றுகொண்டே இருக்கும்.

அவள் மனசு மெல்லத் தொடங்கியது ஒரு நகைச்சுவையைத்தான்.

புருஷனின் வண்டிக்குப் புதிதாக ஒரு நர்ஸ் வந்திருந்தாள். சின்ன உருவம், துருதுருவென்று இருப்பாள் என்பதால் எல்லோரும் அவளைச் சிட்டு என்பார்கள். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்ததும் அவன் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னான்.

"இன்னைக்கு ஒரு தாத்தாவ ஏத்திட்டுப் போனோம். பயந்துபோய், 'டிரைவர் தம்பி நல்லா ஓட்டுவாராம்மா'ன்னு கேட்டாரு. அதுக்கு சிட்டு, 'சூப்பரா ஓட்டுவாரு தாத்தா, நிறுத்தத்தான் தெரியாது'ன்னுட்டா. மனுஷன் வலிய மறந்துட்டு சிரிக்கறாரு!"

பெரியவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"அவ எங்க உக்காருவா?"

"நோயாளி இருந்தா பின்னாடி. இல்லன்னா முன்னாடி."

"முன்னாடின்னா உங்க பக்கத்துலயா?"

"பின்ன, கூரை மேலயா?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அன்றிலிருந்து அந்த முன் சீட்டு அவள் மனசில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது. பல்லைச் செதுக்கும்போது சீட்டு. பீங்கான் பூசும்போது சீட்டு. இருவரும் ஒரே டீயைப் பங்கு போடுவது, அவள் ஏதோ சொல்ல இவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பது என்று ஒன்றுவிடாமல் தெரிந்தது. ஒருமுறை முன்பல் ஒன்றைக் கண்டபடி மஞ்சளாக்கி அனுப்பிவிட்டாள். அது திரும்பி வந்ததும் முதலாளி, "என்னம்மா, டாக்டர் பல்லு கேட்டா நீ சோளம் செஞ்சு குடுத்திருக்க?" என்றார். பல் செய்யும் கூடம் முழுக்கச் சிரித்தது. அவளுக்கு அந்தச் சிரிப்பிலும் சிட்டுவின் குரல் கேட்டது.

அவன் சட்டையை மோந்து பார்த்தாள். மருந்து வாடைதான் வந்தது. போனைத் துழாவினாள். டயர் கடைக்காரன் அனுப்பிய காலை வணக்கங்கள்தான் இருந்தன. வேலை நேரத்தில் அழைத்துக்கொண்டே இருந்தாள். எங்கே இருக்கீங்க, பக்கத்துல யாரு, ஏன் மூச்சு வாங்குது? ஸ்ட்ரெச்சர் தூக்கி மாடியேறினவனுக்கு மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? கொஞ்ச நாளில் அவன் வீட்டில் சிட்டுவின் பேச்சையே எடுப்பதை நிறுத்திவிட்டான். பேச்சு வந்தபோது வயிறு எரிந்தது, நின்றபோது பற்றிக்கொண்டது. மறைக்கிறானே, மறைக்க ஏதோ இருப்பதால்தானே என்று நினைத்தாள்.

அவளுக்கு விடுமுறையான ஒரு நாள், மத்தியானம். அழைத்தாள், அவன் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள், லைன் கிடைக்கவில்லை. சமையலறையில் நின்றபடியே அவள் கண்முன் வண்டி ஒரு மரத்தடியில் நின்றது. முன் சீட்டில் இரண்டு பேர். யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. விரல் தானாக அவசர எண்ணை அழுத்தியது.

"மூச்சு... மூச்சு விட முடியல," என்று முகவரியைச் சொன்னாள். அந்தப் பகுதிக்குப் பக்கத்தில் நிற்பது அவன் வண்டிதான் என்று அவளுக்குத் தெரியும்.

சைரன் தெருமுனையில் கேட்டபோது வந்த நிம்மதி, கதவு திறந்ததும் போய்விட்டது. முதலில் நுழைந்தது சிட்டு. தோளில் கனத்த பை, தேய்ந்த ஷூ, தூக்கமில்லாத கண், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய முடி. பெரியவள் இத்தனை நாள் ஒரு அழகியை வெறுத்துக்கொண்டிருந்தாள். எதிரே நின்றவளோ வெறுக்க வசதியான ஆளாக இல்லை.

பின்னால் ஓடி வந்த புருஷனுக்குப் பேயறைந்த முகம். "பெரியவளே! என்னம்மா ஆச்சு? இங்க பாரு, என்னப் பாரு!" என்று மண்டியிட்டு அவள் முகத்தை ஏந்திக்கொண்டான். இதற்காகத்தான் எல்லாம். இந்த முகம், இந்தப் பதற்றம். தனக்கே தனக்கு.

சிட்டு அவள் விரலில் கருவியை மாட்டினாள், மார்பில் குழலை வைத்துக் கேட்டாள். பிறகு நிமிர்ந்து பெரியவளின் கண்ணைப் பார்த்தாள். நடிப்பென்று அவள் கண்டுகொண்டது அந்தப் பார்வையில் தெரிந்தது. ஆனாலும், "எல்லாம் சரியா இருக்கு. பயத்துல இப்படி வர்றது உண்டுக்கா," என்றாள் மெதுவாக.

அப்போதுதான் சிட்டுவின் இடுப்பிலிருந்த ரேடியோ கரகரத்தது. பக்கத்துத் தெருவில் ஒரு முதியவர் மாடிப்படியில் விழுந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை, எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது?

"அக்கா, நாங்க கிளம்பலாமா?" என்றபடி சிட்டு, எழுந்திருக்கச் சொல்லி அவன் தோளில் கை வைத்தாள்.

"அவர் போகக் கூடாது!" பெரியவள் கத்தினாள். எந்தத் திணறலும் இல்லாத முழுக்குரல். "முதல்ல அவர் மேல இருந்து கைய எடு!"

புருஷன் மெல்ல எழுந்தான்.

"உனக்கு மூச்சு நல்லா வருதா?"

அவள் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் கீழே ஓடுவதற்குள் தொலைவிலிருந்த வேறொரு வண்டிக்கு அந்த அழைப்பு போய்விட்டது. அது வந்து சேரும்வரை இடுப்பு முறிந்த மனிதர் படிக்கட்டிலேயே கிடந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலிடத்தில் இதைப் பற்றிச் சிட்டு வாயைத் திறக்கவில்லை. ஆனால் அன்று மாலை புருஷன் இரண்டு சட்டைகளைப் பையில் வைத்தான்.

"அக்கா வீட்டுக்குப் போறேன். உன்ன விட்டுட்டுப் போறேன்னு நெனைக்காத. ஆனா இப்படியே என்னால இருக்க முடியாது. நீ கவுன்சலிங் பண்றவங்க யாரையாவது போய்ப் பாரு."

"அவளோடதான் போறீங்க."

அவன் அதற்குக் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிறு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

*

முதலில் பார்த்த ஆலோசகர் நல்லவர். சந்தேகம் வரும்போது அதற்கு ஆதாரம் உண்டா என்று தன்னையே கேட்கச் சொல்லிக் கொடுத்தார். கேட்டாள். ஆதாரம் இல்லை என்று அறிவுக்குப் புரிந்தது, வயிற்றுக்குப் புரியவில்லை. அவரே, "உங்களுக்கு ஸ்கீமா சிகிச்சை பொருந்தும்னு நெனைக்கிறேன்," என்று வேறொருவரிடம் அனுப்பினார்.

இவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு அம்மாள். கால் மேல் கால் போடாமல், ஏதோ சமையலறையில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்காருவார்.

"இந்த எரிச்சல் உங்க வீட்டுக்காரர் விஷயத்துலதான் முதல்ல வந்ததா?"

பெரியவள் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினாள். பள்ளியில் உயிர்த்தோழி வேறொருத்தியோடு பெஞ்சைப் பகிர்ந்துகொண்டதற்காக வருஷம் முழுக்கப் பேசாமலிருந்தது ஞாபகம் வந்தது. முதலில் நிச்சயமான மாப்பிள்ளை அவனுடைய சொந்தத் தங்கையோடு சிரித்துப் பேசியதைக்கூடப் பொறுக்காமல் அந்தச் சம்பந்தத்தை முறித்துக்கொண்டாள். பல் கூடத்தில் புதுப்பெண்ணை முதலாளி புகழ்ந்த அன்று இவளுக்குக் காய்ச்சலே வந்தது.

"ஆளுங்கதான் மாறுறாங்க, கதை மாறல," என்றார் அந்த அம்மாள். "சின்ன வயசுல ஒரு பிள்ளைக்குச் சிலது கிடைச்சே ஆகணும். பாசம், பாதுகாப்பு, 'இவ எங்க போயிட்டா'ன்னு தேட ஒரு ஆள். அது கிடைக்கலன்னா அந்தப் பிள்ளை மனசுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்துடும். 'என்கிட்ட யாரும் நிலைக்க மாட்டாங்க'ன்னு ஒரு முடிவு. அதைத்தான் ஸ்கீமான்னு சொல்றோம். அந்த வயசுல அதை வெச்சுத்தான் நீங்க சமாளிச்சீங்க. இப்ப அது உங்கள ஆட்டி வைக்குது."

"அப்ப எனக்கு மூளைக் கோளாறா?"

"இல்லம்மா. பழைய பாடத்த ரொம்ப நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க, அவ்ளோதான்."

"இது எல்லாருக்கும் சரியாகுமா?"

"எல்லாருக்கும் இது தேவையும் இல்ல. நேத்து வந்த கவலை, பரீட்சை பயம், இதுக்கெல்லாம் இவ்ளோ தோண்ட வேண்டாம். திரும்பத் திரும்ப வர்ற மனச்சோர்வு, எந்த உறவும் அதே இடத்துல உடையறது, பயமோ கோபமோ சுபாவமாவே ஆகிப்போறது, வேற சிகிச்சை கொஞ்ச தூரம் வந்து நின்னுபோறது, இந்த மாதிரி ஆளுங்களுக்கு இது உதவும். குடியில மூழ்கிக் கிடக்கறவங்களுக்கும், எது நிஜம்னே தெரியாத நிலையில இருக்கறவங்களுக்கும் முதல்ல வேற உதவி வேணும். சீக்கிரம் முடியற வேலையும் இல்ல இது. மாசக்கணக்காகும். ஒத்துக்கிறீங்களா?"

ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்ட கையோடு புது வினையும் ஆரம்பமானது.

அவளுக்கு முந்தைய நேரம் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு. மஞ்சள் பை வைத்திருப்பாள். ஒரு வாரம் மூடிய கதவுக்கு அப்பாலிருந்து அந்தப் பெண்ணும் அம்மாளும் சேர்ந்து சிரிப்பது கேட்டது. என்னோடு ஒருமுறைகூட இப்படிச் சிரித்ததில்லையே! அடுத்த வாரம் பெரியவள் சீக்கிரமே வந்து, கதவுக்கு அருகிலிருந்த நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். மஞ்சள் பை வெளியே வந்தபோது அம்மாள் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார். பெரியவளைப் பார்த்து, "வாங்க," என்று மட்டும் சொன்னார்.

அன்று உள்ளே போனவள் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். அம்மாள் விடவில்லை.

"என் மேல ஏதோ வருத்தம். சொல்லிடுங்களேன்."

"ஒண்ணுமில்ல. அடுத்த வாரத்துலருந்து நான் வரல."

"ஏன்?"

"அதான் மஞ்சப் பை இருக்காளே உங்களுக்கு! அவளோடயே சிரிச்சுக்குங்க!"

சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நாற்பதை நெருங்கும் பொம்பளை, யாரோ ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக் கத்துகிறாள். அம்மாள் சிரிப்பார், இல்லையென்றால் வெளியே போகச் சொல்வார்.

அவர் நாற்காலியை நகர்த்தி அருகில் வந்தார். "அதை என்கிட்டயே சொன்னீங்களே, அது நல்லது. மத்தவங்களோட நான் என்ன பேசறேன்னு சொல்ல முடியாது. ஆனா இந்த நேரம் உங்களோடது. அதுல வேற யாருக்கும் பங்கில்ல. சரி, கத்தினீங்களே, அப்ப உள்ளுக்குள்ள உங்களுக்கு என்ன வயசு இருந்துச்சு?"

"ஆறு," என்றாள் பெரியவள். அந்தப் பதில் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

கண்ணை மூடச் சொன்னார். மூடியதும் பெரியம்மா வீட்டு ஜன்னல் வந்தது. தம்பிக்கு இதயத்தில் ஓட்டை. அம்மாவும் அப்பாவும் அவனோடு தூரத்து ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நாலு நாளில் வந்துவிடுவோம் என்று இவளைப் பெரியம்மா வீட்டில் விட்டார்கள். வெயில் காலம் போய் மழைக்காலம் வந்தது. ஒரு நாள் வயிறு வலிக்கிறது என்று அவள் சுருண்டு படுத்ததும் பெரியம்மா பயந்துபோய்ச் சொல்லியனுப்ப, அம்மா ஓடி வந்தாள். அம்மாவின் சேலையைப் பார்த்ததும் இவள் எழுந்து உட்கார்ந்து சிரித்துவிட்டாள். வலி இல்லையென்று தெரிந்ததும் அம்மா ஓங்கி ஓர் அறை விட்டாள். "அங்க அவன் உசுரு ஊசலாடுது, நீ இங்க நடிக்கிறியா? நீ பெரியவதானே? வெட்கமாயில்ல?" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு இப்ப என்ன தோணுது?"

"அவன் செத்துட்டா அம்மா வந்துடுவாங்கன்னு..." பெரியவள் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "நான் ராட்சசி."

"'ராட்சசி'ன்னு சொல்றது யாரு குரல்?"

ஒரு காலி நாற்காலியைக் காட்டி, அந்தக் குரலை அதில் உட்கார வைத்துப் பேசச் சொன்னார். பெரியவள் அதில் போய் உட்கார்ந்து, வெட்கங்கெட்டவளே என்று தன்னையே திட்டியபோது அச்சு அசலாக அம்மாவின் குரல் வந்தது. அம்மாள் அந்த நாற்காலியைப் பார்த்து உறுதியாகச் சொன்னார்: "போதும். ஆறு வயசுப் பிள்ளை அம்மா வேணும்னு கேட்டா அது நடிப்பு இல்ல. இவள இனிமே இப்படிப் பேச நான் விடமாட்டேன்."

தனக்காக ஒருவர் பரிந்து பேசிக் கேட்டது பெரியவளுக்கு அதுதான் முதல் தடவை. ஏங்கி ஏங்கி அழுதாள்.

பிறகு வந்த மாதங்களில் அந்த ஜன்னலுக்குப் பலமுறை போனார்கள். முதலில் அம்மாள் கற்பனையில் அந்த வீட்டுக்குள் வந்து, சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "இன்னைக்கு நீங்க போங்க," என்றார். இன்றைய பெரியவள் அந்த அறைக்குள் நுழைந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றாள். சிறுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உனக்கு நிஜமாவே வலிச்சுது, எனக்குத் தெரியும்," என்று சொன்ன பிறகுதான் மடியில் வந்து ஏறினாள். நடந்தது நடந்ததுதான், அதை யாரும் மாற்ற முடியாது. ஆனால் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் வயிற்றில் ஏதோ கட்டு தளர்ந்த மாதிரி இருந்தது.

நேராக முன்னேறிவிட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். இடையில் ஒருமுறை நாத்தனார் வீட்டுத் தெருவில் மறைந்து நின்று புருஷன் யாரோடு வருகிறான் என்று வேவு பார்த்தாள். கையில் கீரைக்கட்டோடு தனியாக வந்தான். அதை அம்மாளிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை, ஆனால் தட்டியும் கொடுக்கவில்லை. "அந்தப் பிள்ளை பயந்துச்சு, சரி. காலு உங்களுதுதானே? பிள்ளைய நீங்கதான் கையப் பிடிச்சுத் திருப்பிக் கூட்டிட்டு வரணும்," என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி அவளைப் பார்க்க வந்தான். இன்று அவன் நல்ல திடகாத்திரம், படியில் இரண்டிரண்டாக ஏறுகிறவன். இத்தனை வருஷமும் அவனோடு அளந்துதான் பேசியிருந்தாள். அன்று சொல்லிவிட்டாள். "உன்னப் பார்த்து எனக்கு ரொம்பப் பொறாமைடா, அப்ப. அம்மா முழுசா உன்கிட்ட இருந்தாங்க."

தம்பி வாயைப் பிளந்தான். "நீயா? என்னப் பார்த்தா? அம்மா கட்டில் பக்கத்துல உக்காந்து உன் கதையாத்தான் சொல்லுவாங்க. பெரியவ ஓடுவா, பெரியவ மரமேறுவான்னு. நான் மூக்குல குழாயோட படுத்துட்டு உன்ன அப்படித் திட்டுவேன் மனசுக்குள்ள!"

"என்னைப் பத்தியா? அம்மாவா?"

"நான் தூங்கற வரைக்கும்."

அவளுக்கு சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்த அம்மா? கேட்கலாமென்றால் அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

அதற்கடுத்த வாரம் புருஷனை ஒரு டீக்கடைக்கு வரச் சொன்னாள். நடந்ததை மழுப்பாமல் சொன்னாள், வேவு பார்த்தது உட்பட. அவன் கிளாஸைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"எனக்கு இன்னும் பயமா இருக்கு. போன் அடிச்சாலே நீதானோன்னு எடுக்கவே யோசிக்கறேன்," என்றான். "நானும் ஒரு தப்பு பண்ணேன். உனக்குப் பயந்து எதையும் சொல்லாம விட்டேன். நீ கண்டதையும் நெனைச்சுக்கிட்ட."

"வேலை நேரத்துல கூப்பிட மாட்டேன். பயம் வந்தா, வந்துச்சுன்னு வீட்ல சொல்றேன். ஆதாரம் கேட்க மாட்டேன்."

"கேட்டா?"

"அம்மாகிட்ட... அந்த மேடம்கிட்ட போய்ச் சொல்லுங்க."

அவன் வெகுநாள் கழித்துச் சிரித்தான். ஒரே நாளில் திரும்பிவிடவில்லை. முதலில் சாப்பிட வந்தான், பிறகு தங்கினான், பிறகு அந்த இரண்டு சட்டைகளும் பழைய கொக்கிக்கு வந்தன.

இன்னொரு வேலை பாக்கியிருந்தது. அவள் ஆம்புலன்ஸ் நிலையத்துக்குப் போனாள். சிட்டு ஒரு வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிப்புக் கேட்க வந்தேன்," என்றாள் பெரியவள்.

சிட்டு துடைப்பதை நிறுத்தவில்லை. "என்கிட்ட எதுக்கு? அன்னைக்குப் படிக்கட்டுல கிடந்தாரே, அவர் இப்பவும் கம்பு ஊனித்தான் நடக்கறாரு. அத நான் மறக்கல."

"நானும் மறக்க மாட்டேன்."

"நான் வேற வண்டிக்கு மாத்தி வாங்கிட்டேன், தெரியுமா? உங்க வீட்டுக்காரரோட வேலை செய்யறது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. நல்ல ஜோடியா இருந்தோம் வேலையில. அத நீங்க கெடுத்துட்டீங்க." துணியைப் பிழிந்தாள். "உங்க மேல எனக்குக் கோபம் போகல. ஆனா நேர்ல வந்தீங்க பாருங்க, அது பரவாயில்ல."

பெரியவள் தலையசைத்துவிட்டுத் திரும்பினாள்.

பிடிச்சிருந்துச்சு. நல்ல ஜோடி. பஸ் நிறுத்தத்துக்குப் போகும்வரை அந்த வார்த்தைகள் கூடவே வந்தன. அடிவயிற்றில் பழைய தீ பற்றியது. எந்த விதத்தில் பிடித்திருந்தது, அவனுக்கும் பிடித்திருந்ததா, என்ன ஜோடி? கை போனுக்குப் போனது. அவன் வேலையில் இருக்கிற நேரம். அவள் போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். வந்த பஸ்ஸில் ஏறினாள். உள்ளே ஆறு வயதுக்காரி காலை உதைத்துக்கொண்டே வந்தாள். வரட்டும் என்று விட்டாள்.

மாலையில் அவன் வந்து ஷூவைக் கழற்றத் தொடங்கும்வரை காத்திருந்தாள்.

"இன்னைக்கு சிட்டுவப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். உங்களோட வேலை செஞ்சது பிடிச்சிருந்துச்சுன்னு சொன்னா."

அவன் ஒரு ஷூவோடு அப்படியே நின்றான். கண்ணில் பயம் தெரிந்தது. "சரி... அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. எனக்கு எரியுது. நீங்க பதில் எதுவும் சொல்ல வேணாம்." அவள் சோபாவில் நகர்ந்து இடம் விட்டாள். "கொஞ்ச நேரம் இங்க வந்து உக்காருங்க."

அவன் அந்த ஒரு ஷூவோடேயே வந்து உட்கார்ந்தான்.